குதிரை இல்லாத கௌபோய் படம்

கடந்த ஆண்டு ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. அந்த நேரத்து வெளிநாட்டு அழைப்பு என்றாலே துயரச் செய்தி என்று எண்ணிப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். பதற்றத்துடன் எடுத்தேன். ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகன். "மாமா, குதிரை இல்லாமல் ஒரு கௌபோய் படம் எடுக்கேலுமோ?" என்று கேட்டான்.

விடயம் இதுதான். அவனும் நண்பர்கள் ஐவரும் ஒரு குறும்படப் போட்டியில் சேர்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒவ்வொரு குழுவும் ஒரு சீட்டு எடுக்கவேண்டும். என்ன வகைப் படம் என்று அதில் எழுதியிருக்கும். ஞாயிறு மாலைக்குள் கதை எழுதி, நடித்து, படம்பிடித்து, தொகுத்துக் கையளித்துவிட வேண்டும். மற்றக் குழுக்களுக்கு நகைச்சுவை, பேய்க்கதை, துப்பறியும் கதை என்று கிடைத்தன. இவர்களுக்கு வந்த சீட்டு 'வெஸ்டர்ன்'. கையில் இருந்தவை 300 டொலர், ஒரு கமரா, ஒரு பழைய கார். குதிரை இல்லை, பாலைவனம் இல்லை, துப்பாக்கியும் இல்லை. துப்பாக்கி இல்லாததற்கு வேறொரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

இவ்வாறான போட்டிகளுள் இன்று உலகெங்கும் அறியப்பட்டது, 2001ஆம் ஆண்டு வொஷிங்டனில் மார்க் ரப்பேர்ட் என்பவர் நண்பர்களுடன் தொடங்கிய 48 மணித்தியாலத் திரைப்படப் போட்டி. படத்தின் வகையைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதோடு ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் ஆகிய மூன்றையும் படத்தில் கட்டாயம் சேர்க்கவேண்டும் என்பது அதன் விதி. முன்கூட்டியே எடுத்துவைத்த படத்தை யாரும் கொண்டுவந்துவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதே முறையைப் பின்பற்றிப் பல நகரங்களில் சிறு போட்டிகள் நடக்கின்றன.

மருமகனுக்கு அன்று நான் சொன்ன பதில் மிகச் சிறியது. "ஏலும் தம்பி. உலகத்தின் முதல் கௌபோய் நட்சத்திரமே குதிரையில இருந்து விழுந்த மனிசன்தான்." அவன் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டான். அவனுக்கு நேரமில்லை. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் சினிமா பற்றி அவ்வப்போது எழுதியவன் என்ற முறையில், அன்று சொல்ல முடியாமற்போன மிகுதியை இங்கே எழுதுகிறேன்.

வெஸ்டர்ன் என்றதும் நமது நினைவுக்கு வருவது பரந்த வெளி, நூற்றுக்கணக்கான குதிரைகள், பெரும் பணம். ஆனால் இந்தப் படவகை பிறந்ததே குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு குறும்படமாகத்தான். 1903ஆம் ஆண்டு எடிசன் நிறுவனத்துக்காக எட்வின் எஸ். போர்ட்டர் 'த கிரேட் ட்ரெயின் றொபரி' என்ற படத்தை எடுத்தார். சுமார் 12 நிமிடம் ஓடும். வெஸ்டர்ன் என்று நாம் அழைக்கும் இந்தப் படம் எடுக்கப்பட்டது அமெரிக்காவின் மேற்கில் அல்ல, கிழக்கில். உட்புறக் காட்சிகள் நியூயோர்க்கில் இருந்த எடிசன் படப்பிடிப்புக் கூடத்திலும், வெளிப்புறக் காட்சிகள் நியூ ஜேர்சியிலும் எடுக்கப்பட்டன. புகையிரதக் கொள்ளைகள் உண்மையிலேயே செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த காலம் அது. ஓடும் புகையிரதத்திலிருந்து ஒரு மனிதன் தூக்கி எறியப்படும் காட்சியில் எறியப்படுவது ஒரு பொம்மை. தந்தி அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே புகையிரதம் வந்து நிற்பதாகத் தெரிவது, ஒரே படச்சுருளை இரண்டு தடவை ஒளிபடச் செய்து பெற்ற தந்திரம்.

அந்தப் படத்தில் பல சிறு வேடங்களில் நடித்தவர் கில்பேர்ட் எம். அன்டர்சன். ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் றொக் நகரில் மெக்ஸ் ஆரொன்சன் என்ற பெயரில் 1880இல் பிறந்தவர். குதிரை ஓட்டத் தெரியும் என்று சொல்லி வேலை பெற்றவர், படப்பிடிப்புக்குச் செல்லும் வழியிலேயே குதிரையிலிருந்து விழுந்துவிட்டார் என்பது சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. ஆகவே அவருக்குக் குதிரையில்லாத வேடங்கள் கொடுக்கப்பட்டன. கொள்ளையர்களிடமிருந்து தப்பி ஓட முயன்று சுடப்பட்டு விழும் பயணி அவர்தான்.

விழுந்தவர் அதோடு நிற்கவில்லை. 1907இல் ஜோர்ஜ் ஸ்பூர் என்பவருடன் சேர்ந்து எஸனே நிறுவனத்தைத் தொடங்கினார். இருவரின் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தால் வருவதே அந்தப் பெயர். 1910 முதல் 'ப்ரொங்கோ பில்லி' என்ற பாத்திரத்தில் நடிக்கத் தொடங்கினார். மனம் திருந்தும் கொள்ளையன், தீயவனாக அறியப்பட்டும் பிறருக்கு உதவும் மனிதன் என்ற வார்ப்பு அங்கிருந்துதான் பரவியது. கலிபோர்னியாவில் நைல்ஸ் என்ற சிற்றூரைத் தளமாக வைத்துக்கொண்டு ஏறத்தாழ வாரம் ஒன்று என்ற வேகத்தில் படங்களை எடுத்துத் தள்ளினார். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரே ஒரு படச்சுருள், கால் மணித்தியாலத்துக்கு மேற்படாதது. அதே நடிகர்கள், அதே தெரு, அதே மலை. ஒவ்வொரு படத்திலும் கதை புதிதாகத் தொடங்கும், சென்ற படத்தில் இறந்தவர் இந்தப் படத்தில் உயிரோடு வருவார். இரசிகர்கள் குறைசொல்லவில்லை. 48 மணித்தியாலத்தில் படமெடுப்பதைப் புதுமை என்று எண்ணுகிறோம். அன்டர்சனுக்கு அது வாராந்த வேலை.

எனது சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படம் ஓடும் கொட்டகையில் கௌபோய் படம் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த ஒரு வாரம் எங்கள் வளவு முழுவதும் அமெரிக்காதான். பனை மட்டைதான் குதிரை. மட்டையைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு புழுதி பறக்க ஓடுவோம். குதிரை இல்லாத கௌபோய் என்பது எங்களுக்கு அன்றே பழக்கமான விடயம். ஆனால் அந்த விளையாட்டில் ஒரு பிரச்சினை எப்போதும் வரும். செவ்விந்தியனாக இருக்க யாரும் சம்மதிப்பதில்லை. வயதில் குறைந்தவன், அல்லது அன்று வாதிட முடியாதவன் செவ்விந்தியன் ஆக்கப்படுவான். அவன் சுடப்பட்டு விழவேண்டும். அது ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. படம் அப்படித்தான் இருந்தது.

இந்த இடத்தில்தான் குறைந்த செலவுப் படங்களின் வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1910இல், அன்டர்சன் ப்ரொங்கோ பில்லியாக வேடமிட்ட அதே ஆண்டில், பாதே நிறுவனத்துக்காக ஜேம்ஸ் யங் டியர் என்பவர் 'வைற் ஃபோன்ஸ் டிவோஷன்' என்ற 11 நிமிடப் படத்தை நியூ ஜேர்சியில் எடுத்தார். அவர் தம்மை வின்னபேகோ இனத்தவர் என்று சொல்லிக்கொண்டார். நன்டிகோக் என்னும் கிழக்குக் கரைப் பூர்வகுடி மரபில் வந்தவர் என்று ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தார்கள். பூர்வகுடி மரபினர் ஒருவர் இயக்கி, இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய படமாக இது கருதப்படுகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008இல் இதனைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. வெள்ளைக்காரக் குடியேறி ஒருவர், அவரது பூர்வகுடி மனைவி, அவர்களின் சிறுமகள். ஒரு தவறான விளக்கத்தால் துரத்தல் நிகழ்கிறது. ஆனால் முடிவில் யாரும் சாவதில்லை, குடும்பம் ஒன்றுசேர்கிறது. யங் டியரின் மனைவி லிலியன் சென்ற் சேர், 'ரெட் விங்' என்ற பெயரில் புகழ்பெற்ற நடிகை, ஹோ-சங்க் இனத்தவர். எங்கள் வளவில் எவரும் ஏற்க மறுத்த பாத்திரம் அவர்கள் இருவருக்கும் வேடமல்ல, சொந்த மக்களின் கதை. குறும்படங்களுக்கு அதிக முதலீடு தேவைப்படாத அந்தச் சில ஆண்டுகளில் கதவு சற்றுத் திறந்திருந்தது. படங்கள் நீண்டு, முதலீடு பெருகியபோது அது மூடிக்கொண்டது.

அதே கதவு மீண்டும் திறந்த இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு. மேற்கின் மாட்டுப் பண்ணைகளில் வேலைசெய்த கௌபோய்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுவதுண்டு. பெரிய நிறுவனங்களின் படங்களில் அவர்களைக் காணமுடியாது. 1930களின் இறுதியில் பாடகர் ஹேர்ப் ஜெஃப்ரிஸ் நடித்து, கறுப்பின நடிகர்களைக் கொண்டு சில வெஸ்டர்ன் படங்கள் வெளிவந்தன. 1939இல் வந்த 'த ப்ரொன்ஸ் பக்கரூ' அவற்றுள் ஒன்று. மிகச் சிறிய செலவில், சில நாட்களில் எடுத்து முடிக்கப்பட்டவை. தெருவில் அழுதுகொண்டிருந்த ஒரு கறுப்பினச் சிறுவன், கௌபோய் விளையாட்டில் தனக்குப் பிடித்த கதாநாயகனாக நடிக்க நண்பர்கள் விடவில்லை என்று சொன்னதே தமக்குத் தூண்டுதலாக அமைந்தது என்று ஜெஃப்ரிஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். இதை வாசித்தபோது எங்கள் வளவும் பனை மட்டைகளும் நினைவுக்கு வந்தன.

வறுமை கற்றுத்தந்த தொழில்நுட்பங்களும் பல. ஜோன் வேய்ன் உலகப் புகழ் பெற்றது 1939இல் ஜோன் ஃபோர்ட் இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' படத்தின் பின்னர்தான். அதற்கு முன் 1933 முதல் 1935 வரை மொனோகிராம் நிறுவனம் வெளியிட்ட 16 மலிவுப் படங்களில் அவர் நடித்தார். ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவானது, ஒரு வாரத்தில் முடிக்கப்பட்டது. அந்த நெருக்கடியில்தான் அவரும் சண்டைக் கலைஞர் யக்கிமா கனுட்டும், முகத்துக்கு அப்பால் வீசும் குத்து முகத்தில் விழுவதுபோல் தோன்றும்படி கமராவை வைக்கும் முறையை வளர்த்தெடுத்தார்கள் என்பர். இன்று நமது படங்களில் வரும் சண்டைக்காட்சிகளும் அந்த ஏமாற்றுக்குக் கடன்பட்டவைதான்.

1964இல் இத்தாலியரான சேர்ஜியோ லியோனி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஒஃப் டொலர்ஸ்' படத்தைச் சுமார் இரண்டு இலட்சம் டொலரில் ஸ்பெயினில் எடுத்தார். ஹொலிவூட்டின் பிரமாண்டமான 'ஹவ் த வெஸ்ட் வொஸ் வொன்' அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் சுமார் ஒன்றரைக் கோடி டொலரை விழுங்கியிருந்தது. லியோனிக்குக் கிடைத்த கதாநாயகன் அன்று தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்த கிளின்ட் ஈஸ்ட்வூட். சம்பளம் 15,000 டொலர். உடைகளிற் சிலவற்றை அவரே அமெரிக்காவில் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார். மட்ரிட் அருகே வேறொரு படத்துக்காகக் கட்டப்பட்டிருந்த பழைய அரங்கமைப்பு ஊராகப் பயன்பட்டது. பெரிய வாத்தியக் குழுவுக்குப் பணமில்லை. லியோனியின் பள்ளித் தோழரான எனியோ மொறிக்கோனி சீழ்க்கையொலியையும் மின்கிற்றாரையும் சாட்டையடிச் சத்தத்தையும் கொண்டு இசையமைத்தார். பணமிருந்திருந்தால் அந்தச் சீழ்க்கை நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. கதை அகிரா குரோசாவாவின் 'யொஜிம்போ' படத்திலிருந்து அனுமதியின்றி எடுக்கப்பட்டது என்பதும், அதற்காகப் பின்னர் நட்டஈடு செலுத்தவேண்டி வந்தது என்பதும் வேறு கதை. அந்தச் சிக்கனத்தை மட்டும் யாரும் பின்பற்றவேண்டாம்.

அடுத்த ஆண்டு ரோஜர் கோர்மனின் பணத்தில் மொன்ரி ஹெல்மன் யூட்டா மாநிலத்தின் கனாப் அருகே இரண்டு வெஸ்டர்ன் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார். தலா சுமார் 75,000 டொலர், தலா மூன்று வாரம். ஒன்றுக்குச் செல்லும் பயணச் செலவில் இரண்டை எடுத்துவிடலாமே என்ற வியாபாரக் கணக்கு. ஜக் நிக்கல்சன் இரண்டிலும் நடித்தார், ஒன்றை எழுதினார். 'த ஷூட்டிங்' என்ற படத்தில் பெரும்பகுதி நேரம் சிலர் வெறும் நிலத்தில் சென்றுகொண்டேயிருக்கிறார்கள். எதற்காக என்று தெரியாத அந்தப் பயணமே படத்தின் பலம்.

1991இல் றொபேட் றொட்ரிகஸ் மெக்சிக்கோவின் எல்லை நகரான சியுடாட் அகுனாவில் சுமார் 7,000 டொலரில் 'எல் மரியாச்சி' படத்தை எடுத்தார். பணத்தின் ஒரு பகுதியை மருந்துப் பரிசோதனைகளுக்குத் தன் உடலைக் கொடுத்துச் சம்பாதித்தார். கமராவை நகர்த்தச் சக்கர நாற்காலி. ஒலியைத் தனியாகப் பதிந்து பின்னர் பொருத்தினார். குதிரைக்குப் பதிலாகக் கால்நடையாக வரும் ஒரு பாடகன், அவன் கையில் கிற்றார்ப் பெட்டி. அந்நியன் ஒருவன் ஊருக்குள் வருகிறான் என்ற ஒரு வரி போதும், அது வெஸ்டர்ன்தான்.

மருமகனின் கேள்விக்கு மிகச் சரியான பதில் இவற்றுக்கெல்லாம் நடுவே, 1970இல் இருக்கிறது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சினிமா மாணவர்கள் சிலர் சேர்ந்து 'த ரெசரெக்‌ஷன் ஒஃப் ப்ரொங்கோ பில்லி' என்ற குறும்படத்தை எடுத்தார்கள். இயக்கியவர் ஜேம்ஸ் றோக்கொஸ், தயாரித்தவர் ஜோன் லோங்கனெக்கர். எழுத்தில் பங்கெடுத்து, தொகுத்து, இசையமைத்தவர் பிற்காலத்தில் புகழ்பெற்ற ஜோன் கார்பென்டர். பழைய வெஸ்டர்ன் படங்களில் மூழ்கிக் கிடக்கும் ஓர் இளைஞன் கௌபோய் தொப்பியுடன் நவீன நகரத்தின் தெருக்களில் நடக்கிறான். வாகனங்களும் சனக்கூட்டமும்தான் அவனுடைய பாலைவனம். மேற்கு அவன் மனத்துக்குள் மட்டுமே இருக்கிறது. அந்த மாணவர் படம் 1971 ஏப்ரலில் ஒஸ்கார் விருது பெற்றது. குதிரையிலிருந்து விழுந்த அசல் ப்ரொங்கோ பில்லியான அன்டர்சன், தமது 90ஆவது வயதில் அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் காலமாகியிருந்தார். அவருக்கு 1958இல் கௌரவ ஒஸ்கார் வழங்கப்பட்டிருந்தது.

இனித் துப்பாக்கி விடயம். போர்ட்டரின் 1903ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு தனிக் காட்சி உண்டு. கொள்ளையர் தலைவன் நேரே நம்மைப் பார்த்து, துப்பாக்கியை உயர்த்திச் சுடுகிறான். கதையோடு தொடர்பில்லாத காட்சி. படத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்று திரையிடுவோருக்கு எடிசன் நிறுவனம் அறிவுறுத்தியிருந்தது. அன்றைய பார்வையாளர்களுக்கு அது ஒரு கிளுகிளுப்பு. எனக்கு அப்படியில்லை. துப்பாக்கியின் வாய் நம்மை நோக்கித் திரும்புவது எப்படியிருக்கும் என்பதைச் சினிமாவுக்கு வெளியே அறிந்துகொண்டவர்கள் நாங்கள்.

அக்கா 1990களில் நாட்டைவிட்டுப் போனவர். மருமகனுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த பிளாஸ்டிக் துவக்கை அன்றிரவே குப்பையில் போட்டுவிட்டார். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. இந்தப் படத்துக்காக இரவல் துவக்கு ஒன்று வாங்கலாமா என்று அவன் கேட்டபோது, "உன்ர படத்தில துவக்கு வந்தால் இந்த வீட்டு வாசலில படம் எடுக்கேலாது" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அக்காவின் பிடிவாதத்துக்கு வேறொரு நியாயமும் உண்டு. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி நியூ மெக்சிக்கோவில் 'றஸ்ட்' என்ற குறைந்த செலவு வெஸ்டர்ன் படத்தின் ஒத்திகையில், நடிகர் அலெக் போல்ட்வின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து உண்மையான குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 42. இயக்குநர் காயமடைந்தார். படப்பிடிப்பில் பாதுகாப்பு விதிகள் அலட்சியப்படுத்தப்பட்டன என்று அம்மாநிலத்தின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 2022இல் அறிவித்தது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024இல் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போல்ட்வின் மீதான வழக்கை அதே ஆண்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. செலவைக் குறைப்பது ஒரு கலை. கவனத்தைக் குறைப்பது அதன் பகுதியல்ல. அன்டர்சனும் லியோனியும் எதை வெட்டினார்கள் என்பதோடு எதை வெட்டக்கூடாது என்பதையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். விளையாட்டுத் துப்பாக்கியாயினும் பொது இடத்தில் அதை எடுப்பதற்கு முன் பொலிஸாருக்குச் சொல்லாமல் இருப்பது முட்டாள்தனம்.

ஆகவே அவர்கள் துப்பாக்கி இல்லாமலே எடுத்தார்கள். ஐந்து நிமிடப் படம். கடைத்தொகுதி ஒன்றின் வெறுமையான வாகனத் தரிப்பிடம்தான் பாலைவனம். தொப்பியணிந்த ஒருவன் பழைய கடன் ஒன்றைத் தீர்க்க ஒரு வீட்டைத் தேடி நடந்து வருகிறான். கடன் என்பது பணமல்ல என்று அவன் நடையில் தெரிகிறது. வாசலில் கதிரை போட்டு ஒரு வயதான பெண் அமர்ந்திருக்கிறார். தேடி வந்தவனின் எதிரி இறந்து பல காலமாகிவிட்டது. அவர் அவனுக்குத் தேநீர் கொடுக்கிறார். அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குடிக்கிறான். பின்னர் தொப்பியை எடுக்காமலே போய்விடுகிறான். அந்தப் பெண்ணாக நடித்தவர் அக்கா. வேறு யாரும் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

பதிந்த வசனங்களைக் காற்று கெடுத்துவிட்டது. மீண்டும் எடுக்க நேரமில்லை. போட்டி விதிப்படி இருக்கவேண்டிய ஒரேயொரு வசனத்தை மட்டும் வீட்டுக்குள் வைத்துப் பதிந்து சேர்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டார்கள். கதவின் கிறீச்சொலியும் காலடியோசையும் மிஞ்சின. படம் அதனால் கெடவில்லை, நன்றாகவே வந்தது. நேரம் முடிய ஏழு நிமிடம் இருக்கையில் கையளித்தார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. நடுவர்களுள் ஒருவர், இது வெஸ்டர்ன் தானா என்று கேட்டாராம். மருமகனுக்கு அது கவலை. 1910இல் நியூ ஜேர்சியில் யாரும் சாகாமல் முடிந்த அந்த 11 நிமிடப் படத்தைப் பற்றி அவனுக்கு எழுதினேன். அவன் தேடிப் பார்த்துவிட்டு நள்ளிரவில் இரண்டு வரி பதில் அனுப்பினான். அடுத்த படத்துக்குக் கதை யோசிக்கிறானாம்.

சென்ற மாதம் அக்காவுடன் பேசும்போது படம் எப்படி என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் எடுத்திருக்கிறாங்கள். ஆனால் ஒரு குதிரை நிண்டிருந்தால் இன்னும் வடிவாயிருந்திருக்கும்."